அப்பாவின் கோணல் பல்

எங்கள் வீட்டைத் தேடி வருபவர்களுக்குக் கதவு எண் தேவைப்பட்டதில்லை. மூக்கு இருந்தால் போதும். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ரயில் பாதைப் பக்கம் திரும்பும் ஒரு சின்னத் தெருவில் வீடு. அதன் பக்கவாட்டு அறையில் உட்கார்ந்து நான் பல் செட் செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒரு திரவம் வேண்டும். நகப்பூச்சும் பெட்ரோலும் கலந்தாற்போல் ஒரு நெடி. தலைமுடியில் ஏறினால் இரண்டு முறை குளித்தாலும் போகாது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் ஜன்னலைத் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் அந்த நெடியில்தான் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அது திரவத்தின் மேல் வீண் பழி. அவர்கள் என்னைப் பார்த்த பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அச்சு என்னிடம் வரும். நான் செட் செய்து அனுப்புவேன். அந்த வாய்க்கு உரியவரை நான் பார்ப்பதே கிடையாது. தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் எத்தனையோ பேர் என் பல்லால் முறுக்கு கடித்தார்கள், கல்யாண போட்டோவில் சிரித்தார்கள். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. செட் சரியாக அமைந்தால் டாக்டர் கைராசி. அமையாவிட்டால் மட்டும் பல் கட்டும் மெக்கானிக் சரியில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். வாயில்லாத பல்லோடு பேசிப் பேசி எனக்கு வாய் நீளமாகிவிட்டது என்று அம்மா சொல்வாள். அம்மா போன பிறகு அதைச் சொல்லவும் ஆளில்லை.

வீட்டில் அப்பா இருந்தார். ஆனால் அப்பா இருப்பது கிட்டத்தட்ட யாரும் இல்லாததுதான்.

அவர் மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியின் முன்கோடியில் ஓட்டுபவர், பின்கோடியில் கார்டு. இருவரும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். ஆனால் நாள் முழுக்க மணி அடித்துத்தான் பேச்சு. புறப்படு என்றால் அதற்கொரு மணி, நில் என்றால் அதற்கொரு மணி. அப்பா அதை வீட்டிலும் கடைப்பிடித்தார். காபி வேண்டுமென்றால் டம்ளரை மேடை மேல் வைக்கும் சத்தம் கேட்கும். வெளியே போகிறார் என்றால் செருப்புச் சத்தம். அம்மாவுக்கு அந்தச் சத்தங்களெல்லாம் புரிந்தன. அவள் இடையில் நின்று, "அப்பா கூப்பிடறார்", "அவ தூங்கறா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்பதுகளின் நடுவில் அவள் போனதும், வண்டியின் இரண்டு முனைகளில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம்.

அதற்குப் பிறகு அப்பாவின் பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. சர்க்கரை வியாதி. கடைசியில் டாக்டர் மீதமிருந்தவற்றையும் எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பல்லில்லாத வாய் அசைவதைப் பெற்ற பெண்கூடப் பார்க்கக் கூடாது என்ற வெட்கம். நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவேன். ஒரே குக்கரில் வெந்த சாதத்தை ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டோம். எனக்கு அது பொறுக்கவில்லை. பல் வைத்துவிட்டால் மனிதர் வெளியே வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவார் என்று நம்பினேன். அந்த ஒன்றைத்தான் நான் விரும்பினேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அவருடைய செட்டை மற்றவர்களுக்குச் செய்வதுபோல் செய்யவில்லை. கடையில் வரும் பற்கள் வரிசையாக, ஒழுங்காக இருக்கும். அப்பாவின் முன்பற்களில் ஒன்று சற்றே திரும்பி, பக்கத்துப் பல்லின் மேல் தோள் சாய்த்தமாதிரி இருக்கும். அம்மாவும் அவரும் எடுத்துக்கொண்ட கல்யாணப் படத்தில் அது தெரியும். நான் அந்தப் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, மெழுகில் அந்த ஒரு பல்லை மட்டும் கோணலாகத் திருப்பி வைத்தேன். அது நிற்கவில்லை, சாய்ந்தது. பின்புறம் இன்னும் கொஞ்சம் மெழுகை உருக்கி ஊற்றி நிறுத்தினேன்.

இங்கே என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லை அடுக்கி, ஒரு பித்தளைப் பெட்டிக்குள் சுண்ணச் சாந்தில் புதைப்போம். பிறகு கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மெழுகை உருக்கிக் கழுவிவிட்டால், பற்கள் சாந்தில் பிடித்தபடி இருக்க, ஈறு இருந்த இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தில், பொடியையும் திரவத்தையும் பிசைந்த இளஞ்சிவப்பு மாவை அழுத்தி வைத்து வெந்நீரில் வேக வைப்போம். மாவு ஈறாக இறுகும்.

இறுகுவது என்பது காய்ந்துபோவது அல்ல. திரவத்தில் இருப்பவை தனித்தனி மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கார்பன் அணுக்கள் ஒன்றையொன்று இரட்டைப் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கை போதும் என்ற இடத்தில் இரண்டு கையாலும் பிடி. பொடியில், வினையைத் தொடங்கிவைக்கும் தூண்டி ஒன்று கொஞ்சம் கலந்திருக்கும். சூடு பட்டதும் அது உடைந்து, ஒரு மூலக்கூறின் இரண்டாவது பிடியை அவிழ்த்துவிடும். அவிழ்ந்த கை சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும். அதனால் அதன் பிடி ஒன்று அவிழ்ந்து அடுத்ததைப் பிடிக்கும். இப்படியே கோத்துக்கொண்டு போய்ச் சங்கிலியாகிவிடும். ஒவ்வொன்று சேரும்போதும் கொஞ்சம் வெப்பம் வெளியேறும். நாம் அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் அந்த வெப்பமும் சேர்ந்து திரவம் உள்ளுக்குள்ளேயே கொதித்து, ஈறு முழுக்கக் குமிழாகும். டாக்டர்கள் "நாளைக்கே வேணும்" என்று சொல்லியனுப்பும்போதெல்லாம் நான் கத்துவது இதனால்தான்.

கடையில் வாங்கும் பல்லும் ஏறக்குறைய அதே வகைப் பொருள்தான். மாவில் உள்ள திரவம் பல்லின் அடிப்பாகத்தில் கொஞ்சம் ஊறி உள்ளே போகும். அங்கே வளரும் சங்கிலிகள் ஈறிலும் பல்லிலுமாகப் பின்னிக்கொள்ளும். அதன்பிறகு பல் எங்கே முடிகிறது, ஈறு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. இழுத்தால் பல்லே உடையுமே தவிரக் கழன்று வராது. ஆனால் நடுவில் மெழுகு ஒரு படலம் தங்கிவிட்டால் திரவம் ஊறாது. பல் அதன் குழியில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். சேர்ந்திருக்காது.

அப்பாவிடம் செட்டைக் கொடுத்தபோது கண்ணாடியில் பார்த்தார்.

"ஒண்ணு கோணையா இருக்கே?"

"உங்க பல்லு அப்படித்தானேப்பா இருந்தது."

"ஓ" என்றார். நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று மதியம் நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பழக்கம் பல்லைவிட ஆழமாக வேர் விட்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவருக்கு எடுத்து வைத்த அப்பளத்தையும் நானே நொறுக்கித் தின்றேன்.

சில மாதங்கள் அப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வேலையில் இருந்தபோது வாசல் பக்கம் நிழல் தட்டியது. அப்பா. அந்த நெடிக்குப் பயந்து என் வேலை அறைப் பக்கமே வராதவர், துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

"உள்ள வரலாமா?"

பெற்ற பெண்ணின் அறைக்குள் வர அனுமதி கேட்ட அந்தக் குரலில், இத்தனை வருஷமும் வழக்கமாக இருந்த அதிகாரம் கொஞ்சம்கூட இல்லை. கையை நீட்டினார். உள்ளங்கையில் செட்டும் பக்கத்தில் அந்தக் கோணல் பல்லும்.

"ரசம் சாதம்தான் சாப்பிட்டேன். வந்துடுச்சு."

வாங்கிப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பல் இருந்த குழி பாலிஷ் போட்டதுபோல் மினுமினுவென்று இருந்தது. மெழுகு. நிறுத்துவதற்காக நான் கூடுதலாக ஊற்றிய மெழுகு கழுவப்படாமல் அங்கேயே தங்கிவிட்டிருந்தது. ஊரார் பல்லெல்லாம் ஒட்டியிருக்க, நான் ஆசையாகத் திருப்பி வைத்த அந்த ஒரு பல்தான் ஒட்டாமல் போயிருந்தது.

"உட்காருங்கப்பா. இப்பவே போட்டுத் தரேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த மாதிரி ரிப்பேருக்கு வெந்நீர் வேண்டாம். தானாகவே இறுகும் பொடி ஒன்று உண்டு. குழியைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, பல்லின் அடியையும் சுரண்டி, திரவத்தால் நனைத்து ஊறவிட்டு, மாவை வைத்துப் பல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். காபி போட்டுக் குடித்து முடிக்கிற நேரம் ஆகும். அதுவரை இருவரும் காத்திருக்க வேண்டியதுதான். எழுந்து போகலாம் என்றால் அவருடைய பல் என் கையில் இருந்தது.

"சூடாவுதா?" என்று கேட்டார். என் விரலைப் பார்த்திருக்கிறார்.

"ஒண்ணோட ஒண்ணு சேரும்போது சூடு வரும்பா." சங்கிலி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டிக்குப் பெட்டி கப்ளிங் போடற மாதிரி."

"கப்ளிங்க கழட்டலாம். இது சேர்ந்துட்டா கழட்ட முடியாது."

யோசித்தார். பிறகு, கேட்காமலேயே, பொக்கை வாயோடு பேச ஆரம்பித்தார். கார்டு பெட்டியில் மழை நாளில் பின்னால் நகர்ந்துபோகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி. எல்லாருக்கும் ஊர் வரும், கார்டுக்கு மட்டும் ஊர் போகும் என்றார். நான் பிறந்த சேதி செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் வந்ததையும், அதைச் சொல்ல பெட்டியில் யாரும் இல்லாததால் பச்சைக்கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்ததையும் சொன்னார். வாயை மூடியிருந்த துண்டு எப்போதோ மடியில் விழுந்திருந்தது. அந்த வாயில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பல் இறுகியது. அரத்தால் ராவி, மெருகு போட்டுக் கொடுத்தேன். வாயில் மாட்டிக்கொண்டதும் பழைய அப்பா ஆகிவிட்டார். எழுந்து தன் அறைக்குப் போனார். இரவு கதவு வழக்கம்போல் சாத்திக்கொண்டது.

இந்த முறை நான் சரியாக ஒட்டியிருந்தேன். அது கழலாது என்று எனக்குத் தெரியும். கழலாது என்பதே வருத்தமாக இருந்தது.

ஆனால் அடுத்த மாதமே வந்தார். அதேபோல் ஒரு ஞாயிறு மதியம். சலவைச் சட்டை போட்டு, முகம் மழித்து, தலை வாரியிருந்தார்.

"என்னமோ தெரியலம்மா. சாதம் சாப்பிடும்போது வந்துடுச்சு."

வாங்கிப் பார்த்தேன். பல் கழன்று வரவில்லை, உடைந்திருந்தது. அதன் அடிப்பாகம் துண்டாக ஈறிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. நல்ல பிணைப்பு அப்படித்தான் உடையும். பக்கத்தில் ஈறில் ஒரு கீறல், நேராக, ஸ்க்ரூடிரைவர் முனை அகலத்துக்கு. குழைந்த சாதத்துக்கு இவ்வளவு பலம் கிடையாது.

நான் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் தன் பல்லைத் தானே நெம்பி உடைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு மகளைப் பார்க்க வந்திருக்கிறார். என்னைப்போலவே அவருக்கும் சும்மா வந்து உட்காரத் தெரியவில்லை.

"உட்காருங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.

புதுப் பல் ஒன்றை எடுத்தேன். ஈறில் மிஞ்சிய துண்டைச் சுரண்டினேன். திரவத்தால் நனைக்கப் போகும்போது கை நின்றது. மறுபடி நெம்புவார். கை தவறிக் கிழித்துக்கொண்டால் சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறாது. மெழுகை விளக்கில் காட்டி, பல்லின் அடியில் மெல்லப் பூசினேன். எந்த மெக்கானிக்கும் செய்யக் கூடாத வேலை அது. ஆனால் குழியின் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன், கழல்வதற்கு முன்னால் ஆட்டம் கொடுக்கும்படி. திடீரென்று விழுந்து தொண்டைக்குள் போய்விடக் கூடாது அல்லவா. ஆடினால் நாக்கு சொல்லிவிடும். விரலால் இழுத்தால் வந்துவிடும். அவரிடம், "ஆடற மாதிரி இருந்தா உடனே கழட்டி எடுத்துட்டு வாங்க, வாயில வச்சிருக்காதீங்க" என்றேன்.

"சரி சரி" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை அந்த ஒரு பல்லைச் சுற்றியே நடந்தது. சில சமயம் இரண்டு வாரம் தாங்கும், சில சமயம் நான்கு. வரும்போது அவரே காபி போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவர ஆரம்பித்தார். சர்க்கரை போடாத அவருடைய டம்ளரை எனக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, என்னுடையதை ஒரு வாய் குடித்த பிறகு, "ஐயையோ, மாறிப்போச்சே" என்பார். நெடியை மறந்துவிட்டார். என் மேசையிலிருக்கும் பற்களைப் பார்த்து, இது யார் பல், இந்த ஆள் எப்படி இருப்பார் என்று ஊகிப்பார். "இவன் கடன் கொடுத்தா திருப்பித் தர மாட்டான், கோரப்பல்லப் பாரு" என்பார். நான் சிரிப்பேன். அந்த அறையில் என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது.

செம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் கிளினிக் வேலையாக அச்சுகளைக் கொண்டுவருவாள். அப்பா ஸ்டூலில் காத்திருப்பதை அவள் பல முறை பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, ஊருக்கெல்லாம் கல்லு கணக்கா பல்லு கட்டிக் குடுக்கிறீங்க. உங்கப்பா பல்லு மட்டும் எப்ப பாரு கழண்டுகினே கீது?"

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பித்தளைப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பொருள் சரியில்லம்மா" என்றேன்.

"அந்தப் பொருள் நம்ம கிளினிக்குக்கு வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பாவுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். முதலில் நெம்ப வேண்டியிருந்த பல் பிறகு விரலுக்கே வந்துவிட்டதை அவர் கவனிக்காமலா இருப்பார்? நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சாப்பாடு மட்டும் மாறவில்லை. காபி குடித்து, சிரித்து, பல் இறுகியதும் அவர் எழுந்து போவார். தட்டோடு கதவு சாத்திக்கொள்ளும். "வாங்கப்பா, சாப்பிடலாம்" என்று கூப்பிட நான் எத்தனையோ தடவை வாயெடுத்தேன். இரண்டே சொல். அவை எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அப்படிச் சொன்னால் பல்லுக்காக வருவதும் நின்றுபோகுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் காலையில் மயங்கி விழுந்தார். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நர்ஸ் அவருடைய செட்டைக் கழற்றிப் பஞ்சுத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்பினேன்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது செட்டை மேசைமேல் பிரித்து வைத்தேன். கோணல் பல் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் ஸ்டூலுக்கு வந்திருப்பார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஒரு படல மெழுகை நடுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம். போதும். வந்ததும் நானே கூப்பிடுவேன். வேண்டாமென்றால் என் தட்டை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன்.

பல்லைக் கழற்றினேன். மெழுகைக் கொதிநீரில் போக்கி, குழியையும் பல்லையும் நன்றாகச் சுரண்டி, திரவத்தை மறுபடி மறுபடி தொட்டு ஊற வைத்தேன். மாவை வைத்துப் பல்லைக் கோணலாகத் திருப்பி அழுத்திப் பிடித்தேன். எதிரே ஸ்டூல் காலியாக இருந்தது. விரலில் சூடு ஏறி, உச்சத்துக்குப் போய், மெல்ல அடங்கியது. மெருகு போட்டு, தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண் விழித்திருந்தார். பொக்கை வாயால், "பல்லு?" என்றார்.

"ஒட்டிட்டேன்பா. இனிமே கழலாது."

அவர் முகம் வாடிவிட்டது. "கழலாதா?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"கழலாது. ஆனா வீட்டுக்கு வந்ததும் நீங்க சமையலறையில என்கூட உட்கார்ந்துதான் சாப்பிடணும். தினமும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுப் பக்கம் போயிற்று.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். "ஸ்க்ரூடிரைவர் எல்லாம் தேவையே இல்லையே."

இருவரும் சிரித்தோம். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம். மறுநாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

செட் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்த பிறகு, சில நாள் அதை எடுத்து அந்தக் கோணல் பல்லைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பேன். பலம் கொண்ட மட்டும் தள்ளுவேன். நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை. இன்றுவரை ஆடவில்லை.